வைரஸ் வந்த வழி

என் அப்பா நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியின் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவர். பையன்களின் டிரங்குப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துச் சோதனை போடுவதில் அவருக்கு இணையில்லை என்று அங்கே பேச்சு. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது பெட்டிகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை.

நான் குமாரபாளையத்தில் தறிப்பட்டறைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அடி தாங்க முடியாமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவள். வந்த வருடமே அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். அப்புறம் வீட்டில் அப்பாவும் நானும்தான். சேலத்தில் ஓர் அச்சகத்துக்காகப் பள்ளிக்கூட கைடுகளையும் வினாத்தாள்களையும் வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் ஹாலில் இருந்தது. என் அறையில் வைக்க அப்பா விடவில்லை. "கண்ணுக்கு நேரா இருக்கோணும்" என்றார்.

முதல் தடவை வைரஸ் வந்தது மோகனூர் அத்தை வந்திருந்த அன்று. ஏதோ ஒரு காதுகுத்துப் போட்டோவைத் தங்கைக்குக் காட்டலாம் என்று அப்பா கம்ப்யூட்டரைப் போட்டார். போட்டோ திறப்பதற்குள் திரையின் மூலையிலிருந்து அரைகுறை உடையில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். மூடினால் இன்னொருத்தி. அவளையும் மூடினால் சீட்டாடக் கூப்பிடும் விளம்பரம், அதன்மேல் மறுபடி ஒருத்தி. நான் காபியோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன்.

"இதென்ன கருமம் புள்ள?"

"தெரியலீங்கப்பா. வைரஸாட்ட இருக்குதுங்க. நான் எடுத்துர்றேன்."

"தானா வந்துருமா? நீ எதைப் பாத்தியோ அதுதான வரும்." அத்தையின் பக்கம் திரும்பினார். "புருஷன் வேண்டாம்னு வந்துட்டா. இப்ப இந்தப் பொட்டியில தேடிக்கறா."

அத்தை காபியை வாங்கிக் குடித்தபடி டம்ளருக்கு மேலாக என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வாரத்துக்குள் சொந்தத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். சுத்தம் செய்வது பெரிய வேலையாகத் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் ஏறியிருந்த புரோகிராம்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் பிடுங்கினேன். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டு முழுக்க ஸ்கேன் ஓடவிட்டேன். விளம்பரம் நின்றது.

அடுத்த மாதம் திரும்ப வந்தது. எடுத்தேன். மறுபடி வந்தது. அச்சகத்துப் பென் டிரைவில் இருக்கிறதோ என்று அதைத் தனியே சோதித்தேன். அது சுத்தமாக இருந்தது. பாஸ்வேர்டுகளை மாற்றினேன். வேலைக்கு வேண்டிய பக்கங்களைத் தவிர எதையும் திறக்காமல் இருந்து பார்த்தேன். அப்படியும் வந்தது. தூக்கத்தில் எழுந்து நான்தான் எதையாவது அமுக்கிவிடுகிறேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்பா ஒரு நாற்காலியை என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார ஆரம்பித்தார். ஹாஸ்டலில் பையன்கள் படிக்கும்போது அப்படித்தான் உட்காருவாராம். என் அறைத் தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் கழற்றி எடுத்துவிட்டார். பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. நாள் முழுக்கத் தகடு அடிப்பார்கள். அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது என் கழுத்துக்குப் பின்னால் அப்பாவின் மூச்சு கேட்கும்.

"ஒத்துக்கிட்டீன்னா உட்டுர்றேன்" என்பார்.

"எதைங்கப்பா ஒத்துக்கறது?"

"உனக்குத் தெரியும்."

ஒரு நாள் புரூஃப் கொடுக்கச் சேலத்துக்குக் கிளம்பினேன். அச்சக முதலாளி ஊரில் இல்லை என்று வழியில் போன் வந்தது. ராசிபுரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். இலவச ஜாதக சாஃப்ட்வேர் என்று போட்டிருந்த ஏதோ ஒரு பக்கம். ஏற்றுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அச்சில் இருக்கும் விதிமுறையை அப்பா ஒருநாளும் மீறியதில்லை. ஆன்டிவைரஸை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, அதை அமுத்தாதீங்க!"

அமுக்கிவிட்டுத்தான் திரும்பினார். மாட்டிக்கொண்ட களையே முகத்தில் இல்லை.

"இதுலதான் வைரஸ் வருதுங்கப்பா. இத்தனை நாளும் இதுலதான் வந்திருக்குது."

"ஜாதகம் பாக்கறதுல என்னத்த வைரஸ்? நீ போட்டு வெச்சிருக்கறதுதான் இதைத் தின்னுபோடுது. நானும் திரும்பத் திரும்ப ஏத்தறேன்."

"யாருக்குங்க ஜாதகம் பாக்கறீங்க?"

எனக்கு இரண்டாம் கல்யாணத்துக்குப் பார்க்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். பிடிக்காத விஷயம்தான், ஆனாலும், என்னைப் பற்றி யோசிக்கிறாரே என்று உள்ளுக்குள் சின்ன சந்தோஷம்.

"உன்றதுதான்" என்றார். "உங்கம்மா நல்லாத்தான இருந்தா. நீ வந்து ஒரு வருசம் முடியல, போயிட்டா. தாயை முழுங்கற கட்டம் உன்ற ஜாதகத்துல இருக்கோணும். ராசிபுரத்து ஜோசியன் இல்லீன்னான். திருச்செங்கோட்டுக்காரனும் இல்லீன்னான். மனுசன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் சொல்லுமா?"

"கம்ப்யூட்டர் என்னங்க சொல்லுச்சு?"

"அதுவும் ஒண்ணுமில்லீங்குது. எதுல போட்டாலும் அப்படித்தான் சொல்லுது. அதான் வேற வேற எறக்கிப் பாக்கறேன்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. நான் குற்றமற்றவள் என்று சொன்ன ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிட்டு, இல்லை, இவள்தான் என்று சொல்லப்போகும் ஒன்றை இத்தனை மாதமாகத் தேடியிருக்கிறார். அந்தத் தேடலோடு ஏறி வந்த அசிங்கத்துக்குத்தான் அத்தை முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன்.

"அந்தப் படமெல்லாம் இதுல வந்ததுன்னு அத்தைகிட்டச் சொல்லுங்கப்பா."

"சொன்னா? நீ ஒழுங்குன்னு ஆயிருமா?"

அன்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். ஆனால் அவர் கடைசியாக ஏற்றியது வெறும் விளம்பரம் காட்டும் வைரஸ் இல்லை. மறுநாள் காலையில் திறந்தபோது என் கோப்புகள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் தொங்கின. எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் பூட்டைத் திறந்துவிடுகிறோம் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. பரீட்சைக்கு முன் அச்சேற வேண்டிய கைடு முழுதும் அதற்குள் இருந்தது. அச்சக முதலாளி போனில் கத்தவில்லை. "இனிமே வேண்டாம்மா, வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார்.

அம்மாவின் வீடியோவும் உள்ளே இருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் நான் எடுத்தது. "போ சாமி, வாயில சோறு வெச்சிருக்கறப்பத்தான் எடுப்பியா" என்று இலையைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பாள். அம்மாவின் குரல் பதிவானது அது ஒன்றில்தான். எடுத்த போனை என் கணவர் எப்போதோ சுவரில் அடித்து உடைத்துவிட்டார்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அம்மா வீடியோ போயிருச்சுங்கப்பா. இனித் தெறக்காது."

பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதை மடித்து வைத்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன்.

"ரெண்டாந்தடவையும் முழுங்கிட்டியா" என்றார்.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. என்றைக்காவது திறக்க வழி வரும் என்று பூட்டிய கோப்புகளை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை மொத்தமாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன். அவருக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்தேன். அதில் பார்க்கலாம், படிக்கலாம். புதிதாக எதையும் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டுமானால் என் பாஸ்வேர்டு வேண்டும்.

"என்ற ஊட்டுல எனக்கே பூட்டா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

அந்த வாரமே சேலத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை தேடிக்கொண்டு, பெண்கள் விடுதி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். அப்பா போன் செய்வார். சாப்பிட்டாயா என்று ஒருமுறையும் கேட்டதில்லை. "பாஸ்வேர்டு என்ன?" என்பார். நான் சொன்னதில்லை. பிறகு அந்தப் போனும் நின்றது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், அப்பா டீ குடித்து வருவதற்குள் நான் போட்ட பூட்டை எடுத்துக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போகும்போது நான் வைரஸ் வைத்துவிட்டுப் போனதாக அப்பா எல்லோரிடமும் சொல்கிறார் என்று அத்தை போனில் சொன்னாள்.

"நெசமா புள்ள?"

"அப்படியே வெச்சுக்கங்க அத்தை" என்றேன்.

போன தைப்பொங்கலுக்கு முன்னால் அப்பா கூப்பிட்டார். குரலில் அத்தனை உற்சாகத்தை நான் சிறுவயதில்கூடக் கேட்டதில்லை. "கெடச்சிருச்சு புள்ள. ஒண்ணு கரெக்டாச் சொல்லிருச்சு. தாய்க்கு ஆகாத ஜாதகம்னே போட்டிருக்குது. பிரிண்ட் எடுக்கத்தான் உட மாட்டீங்குது, அந்தப் பொம்பளைங்க படமா வந்து மறைக்குது. ஞாயித்துக்கெழமை வந்து அதுகளை எடுத்துக் குடுத்துட்டுப் போ."

"எடுத்துர்லாங்கப்பா. ஆனா அந்தச் சாஃப்ட்வேரோடதான் அந்தப் படமெல்லாம் வருது. அதை எடுத்தா அந்த ஜாதகமும் போயிருங்க."

அந்தப் பக்கம் தகடு அடிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இருக்கட்டும்" என்று போனை வைத்தார்.

யாராவது வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறாராம். அத்தை சொன்னாள்.