வெள்ளிக்கிழமை எரிந்த விளக்கு

எதிரணியின் வாயை அடைக்கும் கலையை நான் கல்லூரிப் பட்டிமன்ற மேடையில் கற்றதாகவே எல்லோரும் எண்ணுகிறார்கள். ஆனால் என் வாயே முதலில் அடைபட்டது. கும்மிடிப்பூண்டியில், எங்கள் வீட்டு வாசலில், ஓர் இட்லித் துண்டால்.

அப்பாவிடம் ஒரு வேன் இருந்தது. தொழிற்பேட்டை ஆலையொன்றில் பணிபுரியும் பெண்களைக் காலையில் ஏற்றிச் சென்று, மாலையில் வீடு சேர்ப்பார். புகைச் சோதனைச் சான்று முடிவடையவிருந்த நேரம் பார்த்து, வேனின் முகப்பில் இன்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. விளக்கு எரிந்தால் சோதனையில் தேற முடியாது; சான்றில்லாத வண்டியை ஆலைக்குள் விடமாட்டார்கள்; அந்தப் பெண்களை ஏற்றிச் செல்ல வேறொரு வேன்காரர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

விளக்கு எந்நேரமும் எரிந்திருந்தாலாவது வழி பிறந்திருக்கும். அது வெள்ளியன்று எரியும், சனியன்றும் எரியும், ஞாயிறு அணைந்துவிடும். அப்பாவுக்கு ஓய்வு ஞாயிறன்று மட்டுமே. ஆகவே பெரியபாளையம் பக்கத்து ஆரணியிலிருந்து மெக்கானிக் வரும்போதெல்லாம் அது பரம சாதுவாக இருந்தது.

“எரியசொல்ல என்னக் கூப்புடு நைனா. அணைஞ்ச லைட்டுக்கு நான் இன்னா வைத்தியம் பாக்கறது?” என்று சலித்துக்கொண்ட மெக்கானிக், கையடக்கக் கருவியொன்றைப் பொருத்திப் பார்த்தார். “சென்சார் ஒயர்ல பேஜாருன்னு காட்டுது. உள்ள தண்ணி கிண்ணி எறங்குதா?”

“மழையே காணோம். தண்ணி எங்கேர்ந்து வரும்?” என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆடியில் ஒரு வேண்டுதலைத் தொடங்கியிருந்தார். வெள்ளிதோறும் விடியலில் பானெட்டைத் திறந்து, பெரியபாளையத்து அம்மனை நினைத்து, வேப்பிலை மிதக்கும் மஞ்சள் நீரை ஒரு குடம் இன்ஜின்மேல் ஊற்ற வேண்டும். ஊற்றுவது அம்மா, கற்பூரம் காட்டுவது அப்பா. அவர் அகராதியில் அது தண்ணீரே அன்று, தீர்த்தம். விளக்கு எரியத் தொடங்கியதும், அம்மனுக்கு ஏதோ மனக்குறை என்று கருதி ஒரு குடத்தை இரண்டாக்கினார். விளக்கு இன்னும் ஊக்கத்தோடு எரிந்தது.

தேநீர் கொண்டுவந்த அம்மா, மெக்கானிக்கின் கேள்வியைக் கேட்டுத் திறந்திருந்த பானெட்டைப் பார்த்தபடி சற்று நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சோதனைக்குக் கிடைத்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலையிலேயே அப்பா மூன்று குடங்களை நிரப்பி வைத்துக் குரல் கொடுத்தார்.

வாசற்படியில் எனக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “நான் ஊட்டுக்குத் தூரம். இன்னைக்கு சாமி காரியம் ஆவாது.”

“இன்னைக்குன்னு பாத்தா?” என்றார் அப்பா, இடிந்துபோய். அந்நாள்களில் வீட்டில் சமையல் நடக்கலாம்; விளக்கோ கற்பூரமோ யாரும் ஏற்றலாகாது. அது அப்பாவே வகுத்த சட்டம். மற்றபடி இவ்விஷயத்தில் அவர் நாள் கணக்குப் பார்ப்பவர் அல்லர்.

நான் பார்ப்பவள். “மூணு நாளு முடிஞ்சி புதங்கெழமதானேம்மா தலைக்கு ஊத்திகினு வெளக்கு ஏத்துன…” என்று தொடங்கினேன். வாக்கியம் முடியுமுன் வாய்க்குள் இட்லி வந்து விழுந்தது.

அப்பா மூன்று குடங்களையும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, பலிக்குப் போகிற முகத்தோடு வண்டியை எடுத்தார். மதியம் சான்றுடன் திரும்பினார். வழியெல்லாம் விளக்கு எரியவே இல்லையாம்.

“பூஜ போடாமயே தாயி காப்பாத்திட்டா பாரு!”

“அவளுக்கு நம்ம மேல கோவமே இல்ல,” என்றாள் அம்மா. “இனிமே கொடத்த அவ கோயில்லயே ஊத்திக்கலாம். வண்டிக்கு ஒரு பொட்டு வெச்சா போதும்.”

அப்பா கண்கலங்கி ஒப்புக்கொண்டார். நான் மட்டும் மாலைவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். ஆதாரம் கையிலிருந்தும் என்னைப் பேசவிடாத அநீதி அது. தம் பக்தியே தம் பிழைப்பைக் கெடுக்கவிருந்தது என்பதை அவருக்கு நிரூபிக்காமலேயே அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒருத்தி முடிவெடுத்ததும், அதற்காகத் தான் கும்பிடும் அம்மனின் காரியத்திலேயே பொய் சொன்னதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. அன்று நான் கண்டுபிடித்த குற்றமெல்லாம், அந்த இட்லித் துண்டை அவள் சட்னியில் தோய்க்கவில்லை என்பதுதான்.