பதிவேட்டில் இரண்டு பேர்

லாரி மெக்கானிக் வெர்லின், முப்பது வருஷமாக ஒவ்வொரு வசந்தத்திலும் மனைவி ஆர்டித்தோடு அமெரிக்காவின் யூட்டா பாலைவனப் பூங்காக்களுக்குக் கிளம்பிவிடுவார். மலைப்பாதை தொடங்கும் இடத்து இரும்புப் பெட்டியில் பதிவேடு இருக்கும். எத்தனை பேர் போகிறோம், எத்தனை பேர் திரும்பினோம் என்று எழுதுவது அவர் வேலை.

"கோழி கிளறின மாதிரி எழுதுறியே மனுஷா!" என்பாள் ஆர்டித்.

இந்த வருஷம் தனியாகத்தான் போனார். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? போகும்போது "இரண்டு" என்று எழுதிவிட்டார். திரும்பியதும் "ஒன்று" என்று எழுதினார்.

கூடாரம் அடிப்பதற்குள் பூங்காக் காவலர் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயா, உங்ககூட வந்தவங்க எங்க? ஆள் அனுப்பித் தேடட்டுமா?"

வெர்லின் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தேடாதம்மா. அவ இருக்குற இடம் எனக்குத் தெரியும். நான்தான் மண்ணு போட்டேன்."