கதவுக்கு வெளியே ஒரு குரல்

அவர் லிப்ட் மெக்கானிக். எல்லோரும் அவரை லிப்ட்காரர் என்றுதான் அழைத்தார்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிப்ட் நின்றுவிட்டால், கூட்டாளி மேலே இயந்திர அறைக்குப் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்றுவார். அதுவரை உள்ளே இருப்பவருக்குக் கதவுக்கு வெளியிலிருந்து பேச்சுக் கொடுப்பது இவர் வேலை. அந்த ஊர் மொழியை ஊர்க்காரர்களைப் போலவே பேசுவார். கதவு திறந்ததும் அவர் முகத்தைப் பார்த்துச் சிலர் ஒரு நொடி தயங்குவதுண்டு. சிறுபான்மை இனத்தவரின் முகம் அது, எங்கே போனாலும் தெரிந்துவிடும்.

பேச்சுக் கொடுத்த பழக்கந்தான் அவரை மேடையில் ஏற்றியது. ஞாயிறு மாலைகளில் ஒரு காபிக் கடையின் மாடி அறையில் ஆள் மாற்றி ஆள் மைக் பிடித்து நகைச்சுவை பேசினார்கள். லிப்ட்காரர் முதலில் லிப்ட் கதைகள் சொன்னார். பெரிதாக எடுபடவில்லை. ஒருநாள் தன் இனத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.

"அவங்கள்ல ஒருத்தர் லிப்ட்டுல ஏறினா குடும்பமே ஏறும். மடியில இருக்கற குழந்தை கணக்குல வராது, தூங்கற தாத்தா கணக்குல வரமாட்டார். லிப்ட் நின்னா கரண்ட் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. உள்ள யாருன்னு பாருங்க."

அறை அதிர்ந்தது. அவரும் அந்த இனத்தவர்தான் என்று தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை. முகம் சொல்லிவிட்டது.

அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "எங்க அண்ணன் குடும்பத்த வெச்சு இன்னும் எத்தன நாளைக்கு ஓட்டுவீங்க? நாங்க அப்படி ஏறினது ஒரே ஒரு தடவ. அன்னிக்கு லிப்ட் நிக்கவும் இல்ல."

"நின்னாதான ஜோக்."

"உங்களுக்கு ஜோக்."

நிகழ்ச்சியை நடத்தியவர் முன்பு வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் நகர மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார். "அண்ணே, உங்களுக்கும் இடம் உண்டு. லிப்ட் பத்தி ரொம்ப வேண்டாம். உங்க ஆளுங்க பத்தியே போட்டுத் தாக்குங்க. நல்லா வந்தா மாசாமாசம் நீங்கதான்."

லிப்ட்காரருக்கு அந்த மண்டபம் வேண்டியிருந்தது. அங்கே பேசிப் பெயர் வாங்கியவர்கள் பிறகு பழைய வேலைக்குத் திரும்பியதில்லை. வேலைக்கு நடுவிலும் ஒத்திகை பார்த்தார்.

ஒரு குடியிருப்பில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு ஆண் குரல் 'சரி', 'ம்' என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. ஆள் பயந்திருக்கிறார் என்று நினைத்து, லிப்ட்காரர் புதிதாகத் தீட்டி வைத்திருந்ததை அப்படியே எடுத்துவிட்டார். இனத்தின் பெயர், குழந்தை, தாத்தா, கரண்ட்.

லிப்ட்காரர் கதவில் காதை வைத்தார்.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன்." அந்தச் சொல்லிலேயே உள்ளே இருப்பவர் எந்த இனம் என்று தெரிந்துவிட்டது. சொந்த இனத்தார் மட்டுமே அதை அப்படி இழுப்பார்கள்.

மேலே கூட்டாளி சக்கரத்தைச் சுற்றினார். லிப்ட் மெல்லத் தளத்துக்கு வந்தது. கதவைத் திறந்ததும் வயதான ஒருவர் காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்சுவரில் ஒட்டி நின்றார். லிப்ட்காரரைப் பார்த்தார். பிறகு தங்கள் மொழியில் கேட்டார்.

"நீ நம்ம பையனா?"

"ஆமாங்க. சும்மா தமாஷுக்குத்தான்..."

"இப்பத் தெரியுது. உள்ள இருக்கறப்ப தெரியலையே. கதவத் திறப்பியா, அப்படியே விட்டுட்டுப் போயிடுவியான்னு இருந்துச்சு." பையைக் கைமாற்றிக்கொண்டார். "இன்னொரு வாட்டி சொல்லு. சரியாக் காதுல விழல."

லிப்ட்காரர் சொன்னார். பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். "எங்க தங்கச்சி வீட்டுல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. லிப்ட்காரர் மேடையேறியபோதே முன்வரிசைகளில் சிலர் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவர் லிப்ட் கதைகளைச் சொன்னார். நடுவில் மாட்டிக்கொண்டு, 'நான் வந்துட்டே இருக்கேன்னு ஆபீசுக்குச் சொல்லிடுங்க' என்றவரைப் பற்றிச் சொன்னார். அங்கங்கே சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் இனத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினார், பாட்டு விரும்பிக் கேட்பதுபோல. கைதட்டினார்கள். லிப்ட்காரர் அந்தத் திசையில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கீழே இறங்கியதும் அறிவிப்பாளர் கேட்டார், "அத ஏன் விட்டீங்க?"

"மறந்துபோச்சு."

"அது எப்படிண்ணே மறக்கும்?"

லிப்ட்காரர் தண்ணீர் குடித்தார்.

அடுத்த மாதம் மண்டபத்தில் வேறொருவர் பேசினார். அவர் இன்னொரு சிறுபான்மை இனத்தவர். தன் ஆட்களைப் போட்டுத் தாக்கினார், நன்றாக இருந்தது என்றார்கள். காபிக் கடை மாடியில் லிப்ட்காரருக்கு இப்போது முதல் ஆளாகப் பேச இடம் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் வந்திருப்பதில்லை. வந்தவர்களும் காபி சொல்லிக்கொண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் மைக்கைப் பிடித்தபடி அந்தச் சத்தம் அடங்கக் காத்திருக்கிறார். பிறகு தொடங்குகிறார்.