சபரிலிருந்து வந்த கேள்வி

இன்று வகுப்பில் என் முதல் செமினார். அமெரிக்கக் குடியேற்றக் காலத்துப் பெண் ஒருத்தி, வேலையாக வெளியூர் போன கணவனை நினைத்து எழுதிய கவிதைதான் தலைப்பு.

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் வராது. அதனால் நீடாமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து சீட் அக்கா, "என்ன புள்ள, ஓதுறியா?" என்றார்.

"இல்லக்கா, பாடம்" என்று கவிதையைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப அவரும் சபர்ல இருக்காரு" என்றார். வெளிநாட்டு வேலைக்குப் போவதை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கணவர் துபாயில் இருக்கிறார். போன பெருநாளுக்கும் வரவில்லையாம்.

"இத இதுல சொல்லு. மச்சானுக்கு அனுப்பணும்" என்று போனை என் வாய்க்கருகே நீட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் சொன்னேன். குரல் வந்தது.

அம்மாபேட்டை தாண்டும்போது பதில் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். "நல்லாருக்கு. அந்த ஆளு ஊருக்குத் திரும்பி வந்தானா, இல்லையா?"

"கவிதையில அது இல்லக்கா" என்றேன்.

அக்கா போனை வாயருகே கொண்டுபோய், "வந்துட்டாராம் மச்சான்" என்றார்.

செமினாரில் நடுங்காமல் பேசினேன். கடைசியில், "கணவர் திரும்பி வந்துவிட்டார்" என்றும் சொல்லிவிட்டேன்.

எந்த வரியில் இருக்கிறது என்று பேராசிரியர் கேட்கிறார். நாளைக்குள் காட்ட வேண்டும். யாருக்காவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அக்காவின் நம்பரை வாங்க மறந்துவிட்டேன்.