முத்துப்பேச்சி சலிக்கும் எரிமலைக் கல்

புதுப் பனியனைப் பழசுபோலக் காட்ட, வேலம்பாளையத்து வாஷிங் யூனிட்டில் துணியோடு பியூமிஸ் கல்லையும் மெஷினில் போட்டுச் சுற்றுவார்கள். எரிமலை கக்கிய நுரைக்கல் அது. அதைச் சலித்துத் தூளைப் பிரிப்பது முத்துப்பேச்சியின் வேலை. தென்காசிப் பக்கமிருந்து வந்தவள். ஒன்பது வருடமாக அதே மூலை.

முகமூடி கிடையாது. சாயங்காலம் ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார்கள். அதைத் தின்றால் நெஞ்சிலிருக்கும் தூசு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். சூப்பர்வைசர் சிவபிரகாஷும் தின்பார்.

நான்கு வருடம் ஊர் சுற்றித் திரும்பிய நான் ஏற்றுமதி அலுவலகமொன்றில் சேர்ந்திருந்தேன். கல் அதிகம் பொடிகிறது என்ற புகாரைப் பார்க்க அங்கே போனபோது, முத்துப்பேச்சி எக்ஸ்ரே உறையை நீட்டினாள்.

"நெஞ்சுல தூசு படிஞ்சிருக்கு, வேலைய விடுன்னு டாக்டர் சொல்லுதாரு. விட்டா எம்மவ அபிராமி நர்சிங் படிப்பு நின்னுரும். தெனமும் வெல்லம் திங்கேன், பெறவு எப்படிம்மா படியும்?"

சிவபிரகாஷ் சிரித்தார். "பெரிய கட்டியா வேணும்னா நேரா கேளுங்க. டாக்டரை எதுக்குங்க இழுக்கறீங்க?"

ஊர் சுற்றிய நாட்களில், கடல் தாண்டி லொம்போக் தீவில் இந்தக் கல்லை வெட்டியெடுக்கும் குழியின் சுவரை நான் படமெடுத்திருந்தேன். போனில் அதைக் காட்டினேன்.

"இந்த வெள்ளைக் கல்லெல்லாம் மலை வெடிச்சப்போ வானத்துக்கு ஏறி மழையாட்டம் விழுந்ததுங்கக்கா. மேல மாவாட்டம் இருக்கறது, அதுக்கப்புறம் சரிஞ்சு ஓடிவந்த சாம்பல். எழுநூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

வெள்ளைக்குக் கீழே ஓடிய பழுப்பு வரியில் அவள் விரல் நின்றது. "இது?"

"மண்ணுங்க. அதுக்கு முன்னாடி மலை சும்மா இருந்த காலத்துல செடி கொடி மொளைச்ச மண்ணு. அதுக்கும் அடியில இன்னும் பழைய வெடிப்போட கல்லு கெடக்குது."

"அம்புட்டு காலம் சும்மா இருந்தும் அந்தக் கல்லு கரையலையா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லீங்க. மண்ணு மூடிக்கும், அவ்வளவுதான். வெல்லம் போறது வயித்துக்கு. தூசு போற வழி வேறைங்க."

அவள் எக்ஸ்ரேயை உறைக்குள் தள்ளிவிட்டு சிவபிரகாஷிடம் போனாள். "என்னைய துணி செக்கிங்குக்கு மாத்துங்க, சார்."

"அங்க நல்ல கண்ணு வேணுமுங்க. சின்னப் புள்ளைங்களே எடமில்லாம நிக்குதுங்க. முடியலைன்னா சொல்லிப்போடுங்க, நாளைக்கே வேற ஆள் வந்துரும்."

முத்துப்பேச்சி திரும்பி வந்து அடுத்த மூட்டையின் தையலைப் பிரித்தாள். முந்தானையை மடித்து மூக்கோடு இறுக்கிக் கட்டியதில் குரல் அமுங்கிக் கேட்டது.

"படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கு. நெஞ்சுல எம்புட்டு எடம் மிச்சமிருக்குன்னு அந்த டாக்டர் சொல்லுவாராம்மா?"