பொக்கு மிளகும் சின்ன விமானமும்

விமானப்படைக்குச் சின்ன, விலை குறைந்த சண்டை விமானங்கள் வாங்கலாமா என்று இன்று யார் கேட்டாலும் வாங்கலாம் என்பேன். அவற்றில் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும், பெரிய குண்டு தூக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவற்றைப் பழுது பார்த்தே என் இளமை போனது. இருந்தாலும் வாங்கலாம் என்பேன். அது என் தாய்மாமனுக்கு நான் சொல்லும் பதில்.

மாமாவுக்கு மட்டாஞ்சேரியில் மிளகு மண்டி. அவருடைய மூத்த மகளை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். ஒருமுறை லீவில் வந்தவனை மண்டிக்குக் கூப்பிட்டார். வியாபாரிகள் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எந்த ஏரோப்ளேன்லடா ஜோலி பாக்குறே?"

"சின்னதுதான் மாமா. லேசா இருக்கும். பெருசு ஒண்ணு வாங்குற காசுல இது நாலஞ்சு வாங்கலாம்."

மிளகு வாங்கும்போது ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல மிளகு மூழ்கும். உள்ளே பருப்பில்லாத பொக்கு மிதக்கும். மாமா அதைத்தான் செய்தார். மிதந்ததை வழித்துத் தரையில் உதறினார்.

"லேசா இருக்குறது சரக்கே இல்லடா. அதுல ஜோலி பாக்குறவனும் அப்படித்தான்."

மண்டியே சிரித்தது. பறக்கிற பொருள் லேசாகத்தானே இருக்க வேண்டும் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்குத் தோன்றியது. சீக்கிரமே எனக்கென்று பேசியிருந்த மூத்தவளை ஆலுவாவில் ஒரு லாரி முதலாளிக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்.

அறுபத்தைந்தாம் வருஷம் சண்டை வந்தது. சின்ன விமானங்கள் தங்களைவிடப் பெரியவற்றை வீழ்த்தியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஊரே நாட்டை நினைத்து மகிழ்ந்தது. நான் மாமாவின் முகத்தை நினைத்து மகிழ்ந்தேன்.

அடுத்த லீவில் அவரே வீடு தேடி வந்தார், அந்த வியாபாரிகளையும் கூட்டிக்கொண்டு. இளைய மகளைத் தருகிறாராம். அம்மா தன் அண்ணனுக்கு ஓடி ஓடிப் பலகாரம் எடுத்து வைத்தாள்.

"சின்ன ஏரோப்ளேன் வாங்கலாமா மாமா?" என்று கேட்டேன்.

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"வாங்கலாம் மோனே. அன்னைக்கு நான் சொன்னது தப்புதான்."

"அப்ப சரி மாமா. பொண்ணு வேண்டாம்."

அந்த லீவு முழுக்க அம்மா என்னிடம் பேசவில்லை. அந்த லீவில் தூங்கியதுபோல் நான் என்றைக்குமே நிம்மதியாகத் தூங்கியதில்லை.