இரண்டு கவுண்டர், ஒரே சீட்

இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினோம். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வழியாகச் சென்னை போகும் பஸ்ஸில் சீட் பதிவு செய்வதற்கு. இரண்டு ஊரிலும் ஒவ்வொரு கவுண்டர். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொன்றும் ஒரு திரெட், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலை. ஆனால் சீட் வரைபடம் இரண்டுக்கும் பொது.

முதல் தடவை ஓட்டியபோது ஜன்னலோர சீட் ஒன்றை இரண்டு கவுண்டரும் ஆளுக்கொரு பயணிக்குக் கொடுத்துவிட்டன.

"ரெண்டு பேரையும் கெட்டி வச்சிருவோம்," என்றாள் தோழி. தேங்காய்ப்பட்டணத்துக்காரி, வாய் சும்மா இருக்காது.

கல்யாணத்துக்குப் பதிலாகப் பூட்டுப் போட்டோம். சீட் வரைபடத்துக்கு ஒன்று, பயணிகள் பட்டியலுக்கு ஒன்று. சீட் கொடுக்க இரண்டும் கையில் வேண்டும். ஒரு கவுண்டர் எடுத்த பூட்டை அது விடும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். களியக்காவிளைப் பகுதியை அவள் எழுதினாள், நாகர்கோவிலை நான். பதிவு பட்டனை மாறி மாறி அமுக்கிப் பார்த்தோம், ஒழுங்காக ஓடியது.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்குங்க," என்றார். அமுக்கினோம். புரோகிராம் அப்படியே உறைந்து நின்றது.

"என்னட்டி செய்ய?" என்றேன்.

"மிண்டாம இரி," என்று என் வாயை அடைத்துவிட்டு, தேர்வாளருக்கு வைத்திருந்த டீயை அவள் கையில் எடுத்தாள். எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் பக்கத்திலிருந்த பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, தட்டை எடுத்துக்கொண்டேன்.

"என்னம்மா இது?"

"சார், பழம்பொரி கிடைக்காம நான் டீய விடமாட்டேன். டீ கிடைக்காம அவ பழம்பொரிய விடமாட்டா. உள்ள ரெண்டு கவுண்டரும் இப்பிடித்தான் நிக்கு."

அவர் டீயைப் பார்த்தபடியே கேட்டார், "சரி, எப்படித் தீர்ப்பீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் முதலில் சீட் பூட்டை எடுக்கிறாள், நான் முதலில் பட்டியல் பூட்டை.

"ரெண்டு பேரும் முதல்ல டீயத்தான் கேக்கணும் சார். டீ கிடைச்ச ஆளுதான் பழம்பொரியத் தொடலாம்," என்றேன்.

என் பகுதியில் இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றிவிட்டு மறுபடி அமுக்கினோம். ஒரு கவுண்டருக்கு சீட் கிடைத்தது. மற்றது, வேறு சீட் பாருங்கள் என்றது. அவர் எத்தனை தடவை அமுக்கச் சொல்லியும் புரோகிராம் உறையவில்லை.

"வேணும்னேதான் உறைய வச்சீங்களா?"

"பின்னே சார்! விளங்கணும்லா?" என்றாள், கொஞ்சமும் கூசாமல். அவர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார்.

வெளியே, அடுத்து உள்ளே போக வேண்டிய வகுப்புத் தோழன் வெளிறிப்போய் நின்றிருந்தான். "என்ன கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கல மக்கா. போனதும் அவரு டீய எடுத்துப் பிடிச்சுக்கோ. அதுக்குத்தான் மார்க்கு," என்றாள் தோழி.

அவன் நம்பிப் போனான். உள்ளேயிருந்து தேர்வாளர் போட்ட சத்தம் கேட்டபோது நாங்கள் பாதிப் படிக்கட்டு இறங்கியிருந்தோம்.